ஒரு மின்னல், இரண்டு விண்கலங்கள்: விசிலர் அலைத் தரவை ஒப்பிடுவது எப்படி?

மின்னல் வெட்டும்போது வெளிச்சத்தோடும் இடியோடும் ரேடியோ அலைகளும் கிளம்புகின்றன. அதில் சில கிலோஹெர்ட்ஸ் அதிர்வெண் உள்ள ஒரு பகுதி அயனி மண்டலத்தைத் துளைத்து மேலே ஏறி, பூமியின் காந்தப்புலத்துக்குள் சிக்கிய பிளாஸ்மாவில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் போகிறது. அதிர்வெண் கூடியது முன்னால் வந்து சேரும், குறைந்தது பின்தங்கி வரும். ஒலியாக மாற்றிக் கேட்டால் உச்சத்தில் தொடங்கிச் சறுக்கி இறங்கும் விசில். இதுதான் விசிலர் அலை.

ஒரு விண்கலத்தின் தரவில் விசிலரைப் பார்ப்பது சுலபம். இரண்டு விண்கலங்களின் அளவீடுகளை எடுத்துவைத்து "இவை ஒத்துப்போகின்றனவா?" என்று கேட்டால்தான் தலைவலி. அலகு வேறு, மாதிரியெடுக்கும் வேகம் வேறு, ஆண்டெனா நீளம் வேறு, கோப்பின் அமைப்பும் வேறு. ஒவ்வொரு கருவிக்கும் நல்ல கையேடு இருக்கிறது. இரண்டு கையேடுகளுக்கும் நடுவே இருக்கும் பள்ளத்தைப் பற்றித்தான் யாரும் எழுதுவதில்லை. அந்தப் பள்ளத்தில் மாதக்கணக்கில் கிடந்த ஒருவர், அடுத்து வருபவர்கள் சுற்றிக்கொண்டு போகட்டும் என்று எழுதும் குறிப்பு இது. கொஞ்சம் பைத்தானும், முதுகலை அளவு மின்காந்தவியலும் தெரிந்திருந்தால் போதும்.

எடுத்துக்காட்டாக நாசாவின் வேன் ஆலன் ப்ரோப்ஸ் இரட்டைக் கலங்களையும் ஜப்பானின் அராசே கலத்தையும் எடுத்துக்கொள்கிறேன். இரட்டையரில் ஏதாவது ஒன்றையும் அராசேயையும்தான் இனி "இரண்டு கலங்கள்" என்கிறேன். இரண்டின் தரவும் இலவசம். இரண்டும் ஒரே காலத்தில், ஒரே பகுதியில் சுற்றியவை.

1. கேள்வியை முதலில் எழுதி வையுங்கள்

"ஒப்பிடுவது" என்ற பேரில் இரண்டு தனித்தனி வேலைகள் இருக்கின்றன. ஒன்று, ஒரே மின்னலிலிருந்து வந்த ஒரே விசிலரை இரண்டு கலங்களும் பதிவு செய்தனவா என்று பார்ப்பது. மற்றொன்று, ஒரு பகுதியில் பல மாதங்கள் எடுத்த சராசரி அலைச்செறிவு இரண்டிலும் ஒரே அளவில் வருகிறதா என்று பார்ப்பது. முதலாவதற்கு முழு அலைவடிவம் வேண்டும், இரண்டாவதற்குச் சர்வே தரவு (சீரான இடைவெளியில் எடுத்த நிறமாலைச் சுருக்கம்) போதும்.

புதிதாக வரும் எல்லோரும் இரண்டாவதில்தான் கை வைக்கிறார்கள். கோப்பு சின்னது, படம் சீக்கிரம் வந்துவிடும் என்பது காரணம். என் யோசனை நேர் எதிர். நாலைந்து தனி விசிலர்களை இரண்டு கலங்களிலும் முழுசாகப் பொருத்திப் பார்த்துவிட்டு, அப்புறம் சராசரிக்குப் போங்கள். நேரம், அலகு, அளவுத்திருத்தம் ஆகியவற்றில் இருக்கும் பிழைகள் தனி விசிலரில் பட்டென்று தெரிந்துவிடும். சராசரியில் அவை உள்ளே ஒளிந்துகொண்டு, "இயற்பியல் வேறுபாடு" மாதிரி வேடம் போடும்.

2. கலங்களையும் கருவிகளையும் தெரிந்துகொள்ளுங்கள்

வேன் ஆலன் ப்ரோப்ஸ் 2012 ஆகஸ்ட் 30 அன்று ஏவப்பட்டது. சுற்றுப்பாதை சாய்வு சுமார் 10 பாகை, ஒரு சுற்றுக்குச் சுமார் 9 மணி நேரம். அலைகளை அளந்தது அயோவா பல்கலைக்கழகம் தலைமையேற்ற எம்ஃபிசிஸ் என்ற கருவித் தொகுப்பு. காந்தப்புலத்தில் மூன்று கூறுகள், மின்புலத்தில் மூன்று கூறுகள். அலைவடிவப் பதிவு நொடிக்கு 35,000 மாதிரிகள், பயன்படுத்தக்கூடிய அதிர்வெண் 10 ஹெர்ட்ஸ் முதல் சுமார் 12 கிலோஹெர்ட்ஸ் வரை. ஒரு பர்ஸ்ட் பதிவு (இடையிடையே சிறிது நேரம் முழு அலைவடிவத்தையும் எடுப்பது) ஏறக்குறைய 6 நொடி.

அராசே 2016 டிசம்பர் 20 அன்று உச்சினோவுரா ஏவுதளத்திலிருந்து கிளம்பியது. சாய்வு சுமார் 31 பாகை. அதன் அலைக் கருவியின் பெயர் பிடபிள்யூஇ. காந்தப்புலத்தில் மூன்று கூறுகள் உண்டு. மின்புலத்திலோ சுழல் தளத்தில் இருக்கும் இரண்டு கூறுகள் மட்டுமே. அலைவடிவம் நொடிக்கு 65,536 மாதிரிகள், 20 கிலோஹெர்ட்ஸ் வரை.

அராசேயின் முறையான அளவீடுகள் 2017 மார்ச் இறுதியில் தொடங்கின. வேன் ஆலன் பி கலம் 2019 ஜூலையிலும், ஏ கலம் அதே ஆண்டு அக்டோபரிலும் நிறுத்தப்பட்டன. உங்களுக்குக் கிடைக்கும் பொதுக் காலம் இந்த இரண்டரை ஆண்டுகள்தான்.

3. அனுமதி, செலவு, காலம்

எம்ஃபிசிஸ் தரவை அயோவாவின் தளத்திலிருந்தோ நாசாவின் சிடிஏ வெப் தளத்திலிருந்தோ பதிவு ஏதும் இல்லாமல் இறக்கலாம். அராசே தரவு நகோயா பல்கலைக்கழகத்தில் இருக்கும் இஆர்ஜி அறிவியல் மையத்தில் கிடைக்கிறது. அங்கே ஒவ்வொரு கருவிக்கும் தனி விதிமுறைப் பக்கம் உண்டு. கட்டுரை எழுதும் எண்ணம் இருந்தால் கருவிக் குழுவுக்கு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும், எந்தப் பதிப்பைப் பயன்படுத்தினோம் என்று குறிப்பிட வேண்டும் என்பவை அதில் முக்கியம். அந்தப் பக்கத்தை முதல் நாளே படித்து, ஒரு பிரதி சேமித்து வைத்துக்கொள்ளுங்கள்.

பணம் கேட்கக்கூடிய இடம் மின்னல் தரவு. உலகம் முழுவதையும் பார்ப்பது வாஷிங்டன் பல்கலைக்கழகம் நடத்தும் உலக மின்னல் இருப்பிட வலையமைப்பு. மின்னலின் ரேடியோ அலையைப் பல நிலையங்களில் பிடித்து, வந்த நேர வித்தியாசத்தை வைத்து இடம் கணிக்கிறார்கள். ஒரு மின்னலை ஏற்க ஐந்து நிலையங்களாவது அதைக் கேட்டிருக்க வேண்டும். நிலையம் நடத்தும் நிறுவனங்களுக்குத் தரவு கிடைக்கும். மற்றவர்கள் கட்டணம் செலுத்த வேண்டும், இல்லையென்றால் ஏற்கெனவே வைத்திருக்கும் குழுவோடு சேர்ந்து வேலை செய்ய வேண்டும். மடல் எழுதும்போது தேதிகளையும் நோக்கத்தையும் தெளிவாகச் சொல்லுங்கள். "2017 முதல் 2019 வரை எல்லாம்" என்று கேட்பதைவிட, தேர்ந்தெடுத்த பத்து நாட்களைக் கேட்டால் பதில் சீக்கிரம் வரும்.

செலவே வேண்டாம் என்றால் ஒரு வழி இருக்கிறது. அமெரிக்காவின் கோஸ்-16 புவிநிலைச் செயற்கைக்கோளில் உள்ள மின்னல் வரைபடக் கருவி, மின்னலின் ஒளியை மேலிருந்து பார்த்தது. அதன் தரவு முழுக்க இலவசம். அமெரிக்கக் கண்டங்களை மட்டுமே பார்த்தது என்பது ஒரு குறை. ஆனால் நமக்குத் தேவையானதும் பெரும்பாலும் அந்தப் பகுதிதான், காரணம் அடுத்த படியில். 2018 முதலான நாட்களைத் தேர்ந்தெடுத்தால் சிக்கல் இல்லை.

வட்டில் இடமும் வேண்டும். ஆறு கூறுகள், நொடிக்கு 35,000 மாதிரிகள், ஒவ்வொன்றும் 4 பைட் என்று வைத்தால் நொடிக்கு 840 கிலோபைட். ஒரு மணி நேரத் தொடர் பதிவு சுமார் 3 ஜிபி. அராசே ஐந்து கூறுகளுக்கு மணிக்கு 4.7 ஜிபி. ஒரு டெராபைட் வெளிவட்டு இருந்தால் நிம்மதியாக வேலை பார்க்கலாம். விடுதி வைஃபையை நம்பி இறக்க ஆரம்பிக்காதீர்கள். பாதியில் அறுந்த கோப்பு சில நேரம் பிழை காட்டாமலே திறக்கும்.

மென்பொருள் எல்லாம் இலவசம். பைஸ்பெடாஸ் என்ற பைத்தான் நிரலகம் இரண்டு கலங்களின் கோப்புகளையும் தானே இறக்கித் திறந்துவிடும். அலைவடிவத்தைச் சட்டென்று கண்ணால் பார்க்க ஆட்டோபிளாட் நல்லது.

4. நாளையும் இடத்தையும் தேர்ந்தெடுங்கள்

நம் ஊரில் ஐப்பசியில் இடி பிளந்துகட்டும். ஆனாலும் இந்த வேலைக்கு அது உதவாது. திருநெல்வேலிப் பக்கம் காந்த நடுக்கோட்டை ஒட்டியே இருக்கிறது. அங்கிருந்து கிளம்பும் காந்தப்புலக் கோடு அயனி மண்டலத்தைத் தாண்டி உயரே போவதே இல்லை. விண்கலம் எல் மதிப்பு 2இல் இருந்தால், அதாவது நடுக்கோட்டில் பூமியின் மையத்திலிருந்து இரண்டு பூமி ஆரத் தொலைவில் கடக்கும் புலக்கோட்டில் இருந்தால், அந்தக் கோட்டின் அடி 45 பாகை காந்த அட்சரேகையில் இருக்கும். எல் 2.5 என்றால் சுமார் 51 பாகை. இவ்வளவு உயர்ந்த காந்த அட்சரேகையில் இடிமழை எங்கே நிறையப் பெய்யும்? வட அமெரிக்காவில். புவிக்காந்த முனை அந்தப் பக்கம் சாய்ந்திருப்பதால், புவியியல் கணக்கில் 35 பாகையை ஒட்டிய ஊர்கள்கூட காந்தக் கணக்கில் 45 பாகைக்குப் போய்விடுகின்றன. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை அங்கே இடிமழைக் காலம்.

அடுத்தது நேரம். பகலில் அயனி மண்டலத்தின் கீழடுக்கு இந்த அலைகளை உறிஞ்சிவிடுகிறது. ஆகவே மின்னல் வெட்டும் இடத்தில் இரவாக இருக்க வேண்டும். சுருங்கச் சொன்னால், வட அமெரிக்கக் கோடை, அங்கே சூரியன் மறைந்த பிறகான சில மணி நேரம், இரண்டு கலங்களும் எல் 1.5 முதல் 3 வரை, அதே தீர்க்கரேகைப் பகுதியில். நாசாவின் எஸ்எஸ்சி வெப் தளத்தில் கலங்களின் இருப்பிடத்தை எடுத்து நீங்களே வடிகட்டலாம். எல் வித்தியாசம் 0.2க்குள், காந்த உள்ளூர் நேர (காந்த அச்சை வைத்து, சூரியனைப் பார்த்து எண்ணும் நேரம்) வித்தியாசம் 1 மணிக்குள் என்று ஆரம்பியுங்கள். நாட்கள் தேறவில்லை என்றால் மெதுவாகத் தளர்த்தலாம்.

இந்த வடிகட்டலில் தேறும் நாட்களில் பெரும்பாலானவற்றில் அலைவடிவம் இருக்காது. அராசே கலத்திலேயே நிறையப் பதிவு செய்தாலும், தரைக்கு அனுப்பப்படுபவை தேர்ந்தெடுத்த துண்டுகள் மட்டுமே. எம்ஃபிசிஸ் பர்ஸ்டும் எப்போதும் ஓடுவதில்லை. எனவே வேலையை இந்த வரிசையில் செய்யுங்கள்: அலைவடிவம் எந்த நேரங்களில் இருக்கிறது என்று இரண்டு கலங்களுக்கும் பட்டியல் எடுங்கள், இரண்டிலும் பதிவு இருக்கும் நேரங்களைக் குறியுங்கள், அதற்குள் இருப்பிடத்தை வடிகட்டுங்கள். தலைகீழாகச் செய்தால் பல நாள் உழைப்பு வீண். மின்னல் தரவைக் காசு கொடுத்து வாங்குவது இதற்கெல்லாம் பிறகு.

5. நேரத்தைச் சரிசெய்யாமல் அடுத்த அடி வைக்காதீர்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு படியைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

மின்னலிலிருந்து கலம் வரை விசிலர் எடுத்துக்கொள்ளும் நேரம் பெரும்பாலும் ஒரு நொடியை ஒட்டித்தான் இருக்கும். ஆகவே கடிகாரத்தில் ஒரு நொடிப் பிழை வந்தாலும் தவறான மின்னலைத்தான் தாய் மின்னல், அதாவது அந்த விசிலரைப் பிறப்பித்த மின்னல், என்று சொல்வீர்கள். உலகம் முழுவதும் நொடிக்கு நாற்பதுக்கும் மேல் மின்னல்கள் வெட்டுகின்றன. எந்த நொடியில் தேடினாலும் ஏதோ ஒன்று மாட்டத்தான் செய்யும்.

இரண்டு கலங்களின் சிடிஎஃப் (விண்வெளித் தரவுக்கான பொது வடிவம்) கோப்புகளும் நேரத்தை டிடி2000 என்ற முறையில் வைத்திருக்கின்றன. 2000 ஜனவரி 1 நண்பகலிலிருந்து எண்ணிய நானோநொடிகள் அவை. அந்த நண்பகல் யுடிசி (உலகப் பொது நேரம்) நண்பகல் அல்ல. பூமியின் சுழற்சியோடு கடிகாரத்தை ஒத்துவைக்க இடையில் செருகிய லீப் நொடிகளும் அந்த எண்ணிக்கையில் அடங்கும். இதிலிருந்து மூன்று பொறிகள் முளைக்கின்றன.

எண்ணை எடுத்து 2000 ஜனவரி 1, 12:00 யுடிசியோடு நேரடியாகக் கூட்டினால், 2017 முதலான தரவில் 69.184 நொடி பிழை வரும். தொடக்கப் புள்ளியைச் சரியாக எடுத்துக்கொண்டு லீப் நொடிகளை மறந்தால் 5 நொடி பிழை. மூன்றாவதுதான் மோசம்: உங்கள் நிரலகத்தின் லீப் நொடிப் பட்டியல் பழையதாக இருந்தால், 2016 டிசம்பர் 31 இறுதியில் சேர்த்த நொடி அதில் இருக்காது. அப்போது பிழை 1 நொடி. நம் இரண்டு கலங்களின் பொதுக் காலம் முழுவதும் அந்த நொடிக்குப் பிந்தியது என்பதால் எல்லா நாளும் அடிபடும். 69 நொடிப் பிழை கண்ணில் பட்டுவிடும். 1 நொடிப் பிழை படாது.

சோதனை எளிது. ஒரு கோப்பின் முதல் நேரத்தை இரண்டு வெவ்வேறு நிரலகங்களில் யுடிசியாக மாற்றி, மில்லிநொடி வரை ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். பிறகு, நேரக்குறி பதிவின் தொடக்கத்தைக் குறிக்கிறதா நடுவைக் குறிக்கிறதா என்று கோப்பின் விவரக்குறிப்பில் தேடுங்கள். எம்ஃபிசிஸ் பர்ஸ்டில் ஒவ்வொரு 6 நொடிப் பதிவுக்கும் ஒரு நேரம்தான் இருக்கும். உள்ளே இருக்கும் மாதிரிகளின் நேரம் தனியாக இடப்பெயர்வு வரிசையாகக் கொடுக்கப்பட்டிருக்கும், இரண்டையும் கூட்ட வேண்டும்.

6. இரண்டு ஸ்பெக்ட்ரோகிராமையும் (நேரம் செல்லச் செல்ல அதிர்வெண் மாறுவதைக் காட்டும் படம்) ஒரே அச்சில் வரையுங்கள்

மாதிரியெடுக்கும் வேகம் வேறு என்பதால் எஃப்எஃப்டிக்கு (அலைவடிவத்தை அதிர்வெண்களாகப் பிரிக்கும் கணக்கு) ஒரே நீளத்தைப் போட்டால் படங்கள் ஒத்து வராது. எம்ஃபிசிஸுக்கு 1024 புள்ளிகள், அராசேக்கு 2048 புள்ளிகள் போடுங்கள். முதலாவதில் 34 ஹெர்ட்ஸ் அகலமும் 29 மில்லிநொடியும் வரும், இரண்டாவதில் 32 ஹெர்ட்ஸும் 31 மில்லிநொடியும். இந்த நெருக்கம் போதும். அடுத்தடுத்த துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று முக்கால் பங்கு படியட்டும். இரண்டுக்கும் ஒரே சாளரச் சார்பு. நிற அளவுகோலும் ஒன்றேதான், தானாகச் சரிசெய்யும் வசதியை அணைத்துவிடுங்கள். அதிர்வெண் அச்சை 1 முதல் 11 கிலோஹெர்ட்ஸ் வரை வெட்டுங்கள். அதற்கு மேல் எம்ஃபிசிஸின் உணர்திறன் விழுந்துகொண்டே போகும்.

சர்வே தரவை விசிலருக்குப் பயன்படுத்தும் ஆசை வரும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்: எம்ஃபிசிஸ் சர்வே 6 நொடிக்கு ஒரு முறை, சுமார் அரை நொடி அலைவடிவத்தை மட்டும் எடுத்து நிறமாலை போடுகிறது. மீதி ஐந்தரை நொடியில் பத்து விசிலர் போனாலும் அதற்குத் தெரியாது. அராசேயின் கலத்திலேயே கணிக்கும் நிறமாலை பொதுவாக 1 நொடிக்கு ஒன்று. இரண்டின் உச்ச மதிப்பையும் ஒப்பிடுவதில் அர்த்தமே இல்லை. நீண்ட காலச் சராசரியை ஒப்பிடலாம், அதுவும் பொது அதிர்வெண் பட்டைக்குத் தொகையிட்ட பிறகு.

7. விசிலர் எது, விசிலர் அல்லாதது எது

நேரம் மின்னலிலிருந்து எண்ணப்பட்டால், தாமதம் அதிர்வெண்ணின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதம். மாறிலியைச் சிதறல் எண் என்கிறோம். அது 50 என்று வைத்துக்கொண்டால் 10 கிலோஹெர்ட்ஸ் 0.5 நொடியில் வரும், 5 கிலோஹெர்ட்ஸ் 0.71 நொடியில், 2 கிலோஹெர்ட்ஸ் 1.12 நொடியில். விசிலரின் கோட்டில் பத்துப் பதினைந்து புள்ளிகளைக் குறித்து, நேரத்தை அதிர்வெண்ணின் வர்க்கமூலத் தலைகீழுக்கு எதிராக வரையுங்கள். நேர்கோடு வந்தால், அது நேர அச்சை வெட்டும் இடம் மின்னலின் நேரம்.

ஆனால் இந்த எளிய சூத்திரம், அலையின் அதிர்வெண் எலக்ட்ரானின் சைக்ளோட்ரான் அதிர்வெண்ணைவிட (எலக்ட்ரான் புலக்கோட்டைச் சுற்றும் அதிர்வெண்) மிகக் குறைவாக இருக்கும்போதுதான் சரி. தாழ்வான சுற்றுப்பாதையில் பறந்த டெமெட்டர் போன்ற கலங்களுக்கு அது பொருந்தும். எல் 2.5இல் நடுக்கோட்டருகே காந்தப்புலம் சுமார் 2000 நானோடெஸ்லா, சைக்ளோட்ரான் அதிர்வெண் சுமார் 56 கிலோஹெர்ட்ஸ். அங்கே 5 கிலோஹெர்ட்ஸ் அலையின் தாமதம் எளிய சூத்திரம் சொல்வதைவிட 15% கூடும், 10 கிலோஹெர்ட்ஸில் 35%. பாதையின் மற்ற இடங்களில் புலம் வலுவாக இருப்பதால் மொத்தப் பிழை இதைவிடக் குறையும். ஆனாலும் மின்னலைப் பொருத்தும் அளவுக்குத் துல்லியம் வேண்டுமானால், முழுக் குழுத்திசைவேகச் சூத்திரத்தைப் புலக்கோடு நெடுக எண்முறையில் தொகையிடுங்கள். இருபது வரி நிரல்தான்.

அதற்கு எலக்ட்ரான் அடர்த்தி தேவை. மேல்கலப்பு அதிர்வெண் (அடர்த்தியும் காந்தப்புலமும் சேர்ந்து தீர்மானிக்கும் பிளாஸ்மா அதிர்வு) கோட்டிலிருந்து கணித்த அடர்த்தி இரண்டு கலங்களுக்கும் உண்டு. எம்ஃபிசிஸின் உயர் அதிர்வெண் பகுதி 500 கிலோஹெர்ட்ஸுக்குச் சற்றுக் கீழேயே முடிந்துவிடுகிறது. கன சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 3000 எலக்ட்ரான்களுக்கு மேல் போனால் கோடு படத்துக்கு வெளியே போய்விடும். எல் 2ஐ ஒட்டியும் அதற்கு உள்ளேயும் இது அடிக்கடி நடக்கும். அராசே 10 மெகாஹெர்ட்ஸ் வரை பார்ப்பதால் அதற்கு இந்தக் கஷ்டம் இல்லை. இரண்டும் ஒரே எல்லில் இருந்தால் அராசேயின் அடர்த்தியை இரண்டுக்கும் வைத்துக்கொள்வதே நல்லது.

ஏமாற்றும் அலைகளும் உண்டு. 2 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழே மங்கலாகப் பரவியிருப்பது பிளாஸ்மா ஹிஸ் என்ற இயற்கை இரைச்சல். குட்டிக் குட்டிக் கிடைக்கோடுகளாக 11.9, 12.6, 14.9 கிலோஹெர்ட்ஸில் 0.4 நொடித் துடிப்புகள் தெரிந்தால் அவை ரஷ்யாவின் ஆல்ஃபா வழிகாட்டி நிலையங்கள். அராசே படத்தில் 18.2 கிலோஹெர்ட்ஸில் கோடு கண்டால், அது திருநெல்வேலி மாவட்டம் விஜயநாராயணத்தில் இருக்கும் கடற்படை ஒலிபரப்பியின் அதிர்வெண். முதல் தடவை அந்த எண்ணைத் திரையில் பார்த்தபோது எனக்கு ஒரு சின்னச் சந்தோஷம். இயற்கை அலையைத் தேடும்போது அதையும் மறைத்துவிட்டுத்தான் வேலை பார்க்க வேண்டும். ஒரே மின்னலின் கோடு திரும்பத் திரும்ப, நேரம் செல்லச் செல்ல அகன்றுகொண்டே வந்தால், அது காந்த மண்டலத்துக்குள்ளேயே எதிரொளித்துத் திரும்பிய விசிலர். தொடக்கத்தில் அவற்றை ஒதுக்கிவிடுங்கள்.

8. தாய் மின்னலைத் தேடுங்கள்

கலத்தின் புலக்கோட்டின் அடி எங்கே விழுகிறது என்று இரண்டு அரைக்கோளங்களிலும் கணியுங்கள். எல் 3க்குள் பூமியின் உட்புறக் காந்தப்புலத்தைத் தரும் ஐஜிஆர்எஃப் மாதிரி போதும், வெளிக் காந்தப்புல மாதிரிகளுக்காக மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். அடியைச் சுற்றி 1000 கிலோமீட்டர் வட்டத்தில், கணித்த நேரத்துக்கு முன்பின் 50 மில்லிநொடிக்குள் இருக்கும் மின்னல்களை எடுங்கள். மின்னலின் ரேடியோ அலை தரைக்கு மேலே கிடையாக ஓடும் வேகம் ஒளியின் வேகத்தை ஒட்டியது, 1000 கிலோமீட்டருக்கு 3 மில்லிநொடிதான். அதைக் கணக்கில் சேர்த்தாலும் விட்டாலும் பெரிய மாற்றமில்லை.

பிறகு ஒரு கட்டாயச் சோதனை. மின்னல் பட்டியலின் நேரத்தை 7 நொடி, 13 நொடி, 29 நொடி என்று வேண்டுமென்றே நகர்த்தி அதே தேடலை ஓட்டுங்கள். நகர்த்திய பட்டியலிலும் அதே அளவுக்குப் "பொருத்தம்" கிடைத்தால், உங்கள் முதல் பொருத்தங்கள் எல்லாம் தற்செயல். வட்டத்தைச் சுருக்குங்கள், அல்லது புயல் குறைவாக இருக்கும் வேறு நாளுக்குப் போங்கள். இந்தச் சோதனை இல்லாத எந்தப் பொருத்தத்தையும் நான் நம்புவதில்லை.

விசிலர் இருந்து மின்னல் பட்டியலில் எதுவும் இல்லையென்றால் பதற வேண்டாம். தரை வலையமைப்பு வலுவான மின்னல்களை நன்றாகப் பிடிக்கும், மெலிந்தவற்றில் நிறைய விட்டுவிடும்.

இரண்டு கலங்களிலும் ஒரே தாய் மின்னல் கிடைத்துவிட்டதா? அப்படியானால் வந்த நேர வித்தியாசம் நியாயமாக இருக்கிறதா என்று பாருங்கள். எல் 2.5, அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 1000, அதிர்வெண் 5 கிலோஹெர்ட்ஸ் என்றால் குழுத்திசைவேகம் நொடிக்குச் சுமார் 30,000 கிலோமீட்டர். கலங்கள் புலக்கோடு நெடுக 5000 கிலோமீட்டர் தள்ளியிருந்தால் வித்தியாசம் 0.17 நொடி வர வேண்டும். சரியாக 1 நொடி கூடவோ குறையவோ வந்தால் ஐந்தாம் படிக்குத் திரும்புங்கள்.

9. அளவை ஒப்பிடும்போது காந்தப்புலம் முதலில்

எம்ஃபிசிஸ் நிறமாலை நானோடெஸ்லா வர்க்கத்தில், அராசே பிக்கோடெஸ்லா வர்க்கத்தில். மின்புலத்தில் ஒன்று வோல்ட் வர்க்கம், மற்றது மில்லிவோல்ட் வர்க்கம். இரண்டிலும் பெருக்க வேண்டியது பத்து லட்சம், ஆயிரம் அல்ல. வர்க்கம் என்பதை மறந்து ஆயிரத்தால் பெருக்கினால், வரும் வித்தியாசம் இன்னொரு ஆயிரம் மடங்கு, அது பார்க்க "மெலிந்து போன விசிலர்" மாதிரியே இருக்கும்.

காந்தப்புலத்தை முதலில் எடுக்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. காந்த அலையை அளக்கும் தேடுசுருளின் அளவுத்திருத்தம் சுற்றியிருக்கும் பிளாஸ்மாவைப் பொறுத்து மாறாது. மின்புல ஆண்டெனா அப்படியல்ல. அதைச் சுற்றிப் பிளாஸ்மாவில் உருவாகும் மின்னூட்ட உறையின் மின்தடுப்பு, அடர்த்திக்கு ஏற்ப மாறிக்கொண்டே இருக்கும். எம்ஃபிசிஸ் பயன்படுத்திய சுழல்தளக் கம்பிகள் முனைக்கு முனை 100 மீட்டர், அராசேயினுடையவை முப்பது மீட்டரைச் சற்றுத் தாண்டும். நீளமே மூன்று மடங்கு வேறுபடும்போது ஒரே உறை இரண்டையும் ஒரே மாதிரி பாதிக்காது. போதாக்குறைக்கு, எம்ஃபிசிஸின் சுழல் அச்சுத் திசைக் கம்பி மற்ற இரண்டையும்விட மிகக் குட்டை. அந்தக் கூறு எப்போதும் இரைச்சல் கூடியது.

மூன்று காந்தக் கூறுகளையும் கூட்டிய மொத்தத்தை ஒப்பிடுங்கள், தனிக் கூறுகளை அல்ல. கலங்கள் சுழல்கின்றன, அச்சுகளும் வேறு. மொத்தம் இரண்டு மடங்குக்குள் ஒத்துப்போனால் சந்தோஷப்படலாம். ஒரே மின்னலே ஆனாலும் அயனி மண்டலத்தை வேறு இடத்தில் துளைத்து, வேறு பாதையில் வந்த அலை அது. அதற்கு மேல் ஒற்றுமையை எதிர்பார்ப்பது பேராசை.

மின்புலத்துக்கு ஒரு தன்சோதனை இருக்கிறது. காந்தப்புலத்தை ஒளிவேகத்தால் பெருக்கி மின்புலத்தால் வகுத்தால், புலக்கோடு நெடுகச் செல்லும் அலைக்கு அது ஒளிவிலகல் எண்ணாக இருக்க வேண்டும். முன்சொன்ன எல் 2.5 நிலைமையில் 5 கிலோஹெர்ட்ஸுக்கு அந்த எண் ஏறக்குறைய 18. அதாவது காந்தப்புலம் 10 பிக்கோடெஸ்லா என்றால் மின்புலம் 0.17 மில்லிவோல்ட் ஒரு மீட்டருக்கு. ஒவ்வொரு கலத்துக்கும் இதைத் தனித்தனியாகப் போட்டுப் பாருங்கள். ஒரு கலத்தில் மட்டும் எண் விலகினால் அந்தக் கலத்தின் மின்புலத் திருத்தத்தைச் சந்தேகியுங்கள். இரண்டிலும் விலகினால் அலை சாய்ந்து வந்திருக்கலாம், அல்லது அடர்த்தியைத் தப்பாக எடுத்திருக்கலாம்.

10. திசை

காந்தக் கூறுகளை மட்டும் வைத்து அலை வந்த கோட்டைக் கண்டுபிடிக்கலாம், எந்தப் பக்கமிருந்து என்பது தெரியாது. அதற்கு மின்புலமும் சேர்ந்த, ஆற்றல் பாயும் திசையைக் காட்டும் பாயிண்டிங் திசையன் வேண்டும். அராசேயில் இல்லாத மூன்றாவது மின்புலக் கூறை, அலையின் மின்புலமும் காந்தப்புலமும் செங்குத்து என்ற நிபந்தனையிலிருந்து வருவிக்கலாம். சுழல் அச்சுத் திசைக் காந்தக் கூறு பூஜ்யத்தை நெருங்கும் கணங்களில் வகுத்தல் வெடித்துவிடும், அந்தப் புள்ளிகளை நீக்கிவிடுங்கள். வடக்கே வெட்டிய மின்னலின் முதல் விசிலர் வடக்கிலிருந்து தெற்கே போக வேண்டும். இரண்டு கலங்களில் ஒன்று மட்டும் தலைகீழாகக் காட்டினால், பெரும்பாலும் ஏதோ ஒரு கூறின் குறியோ ஆயத்தொலைவு மாற்றமோ புரண்டிருக்கிறது.

11. எழுதும்போது வேண்டிய தாள்கள்

கட்டுரை எழுத உட்காரும்போது தேவைப்படுபவை: ஒவ்வொரு கோப்பின் முழுப் பெயரும் பதிப்பு எண்ணும், இறக்கிய தேதி, அராசே தரவுத் தொகுப்புகளின் டிஓஐ எண்கள் (நிரந்தர அடையாள எண்கள்), மூன்று தரப்பும் கேட்கும் நன்றியுரை வாசகங்கள். முதல் நாளிலிருந்தே ஒரு விரிதாளில் எழுதிவந்தால் அரை மணி வேலை, பின்னால் தேடினால் ஒரு வாரம் போய்விடும். அளவுத்திருத்தம் புதுப்பிக்கப்பட்டு நடுவில் புதிய பதிப்பு வெளியாவதும் உண்டு. அப்போது பாதிப் படம் பழையதிலும் பாதிப் படம் புதியதிலும் இருக்கக் கூடாது, எல்லாவற்றையும் மறுபடி ஓட்டுங்கள். இதற்காகவே இறக்குவது முதல் படம் வரைவது வரை ஒரே கட்டளையில் ஓடும்படி நிரலை அமைத்துக்கொள்வது நல்லது.

வரைவை ஆய்விதழுக்கு அனுப்பும் முன் கருவிக் குழுக்களுக்கு அனுப்புங்கள். பதில் வரச் சில வாரங்கள் ஆகலாம், கல்வியாண்டு இறுதியில் இன்னும் இழுக்கும். உங்கள் ஆய்வேட்டுக் கெடு எப்போது என்று பார்த்து, அதிலிருந்து பின்னோக்கி இரண்டு மாதமாவது இதற்கென்று ஒதுக்கிவிடுங்கள். அனுப்பும் மடலில் முழு வரைவோடு, ஒரு விசிலரின் அலைவடிவமும் அந்த ஒளிவிலகல் எண் சோதனைப் படமும் தனியாக இருக்கட்டும். கருவி தெரிந்தவர்கள் முதலில் திறந்து பார்ப்பது அதைத்தான்.